மெய்ப்பாடும் காணொளியும்

உள்ளத்தெழும் உணர்ச்சி உடலின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதனை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்குமென்றார். அழுகை என்பது ஒரு பெயரேயாயினும், இழந்தவன் அழுகை வேறு. இகழப்பட்டவன் அழுகை வேறு. இவ்வேறுபாட்டை நூற்பாவை மாத்திரம் கொண்டு வகுப்பில் விளக்குதல் எத்துணை அரிதென்பதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர்.

அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா (1951–2024) காணொளியையே கருவியாகக் கொண்டு இத்துறையில் உழைத்தவர். 1995இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் அவர் காட்டிய படைப்பொன்றில், உரையாடிநிற்கும் இரு பெண்களிடம் மூன்றாமவள் வருகின்றாள். ஒருத்தியைத் தழுவிச் செவியில் ஏதோ கூறுகின்றாள். 45 வினாடியில் முடிந்த இச்சந்திப்பு ஏறத்தாழ 10 நிமிடமாக நீட்டப்பட்டுள்ளது. தழுவப்பட்டவளின் உவகையும், புறத்தே விடப்பட்டவளின் முகத்திற் படரும் வாட்டமும் இமைக்கு இமை புலனாகின்றன. மெய்ப்பாட்டியலுக்கு இதனினும் தெளிந்த உரை யாம் கண்டிலேம்! சென் பௌத்தம் பயின்ற இவரது மற்றொரு படைப்பு, மண், காற்று, தீ, நீர் என்னும் நான்கினாலும் வருத்தப்படுவோரைக் காட்டுவது. 2014இல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் வைக்கப்பெற்றது. வழிபாட்டிடத்திலும் காணொளிக்கு இடமுண்டென்பதற்கு அது சான்று.

அங்ஙனமாயின், வைகாசித் திங்களில் நம் வாவிக்கரைக் கண்ணகையம்மன் கோயில்களில், உடுக்கொலிக்குத் தெய்வமேறி ஆடுவோரைச் சூழ்ந்து உயர்த்தப்படும் கைத்தொலைபேசிகளுக்கும் அவ்வுரிமை உண்டன்றோ எனின், இல்லை என்பதே எமது கருத்து. வயோலாவின் படைப்பில் தோன்றியோர் இசைந்து நடித்தவர்கள். தெய்வமேறியவரோ தம்மை மறந்து நிற்பவர்; அந்நிலையில் இசைவு கேட்டல் இயலாது. அவர் ஆட்டத்தை அரை நிமிடத் துண்டாக்கி, நகைப்போரும் காணுமாறு பரப்புதல் முறையாகுமா? மரபைக் காக்கவே பதிவு செய்கின்றோம் என்பாருமுளர். காப்பதாயின் கோயிலாரைக் கேட்டு, முழுவதையும் ஓரிடத்திருந்து பதிவு செய்க. அரைத்துண்டு எதனைக் காக்கும்?

காணொளிக்கலை பயில விரும்பும் மாணவர்க்குக் கூத்துக்களரி உண்டு. வடமோடியும் தென்மோடியும் விடியுமட்டும் ஆடப்படுவன. கூத்தர் காண்போர்க்காகவே ஆடுபவர். அண்ணாவியாரின் இசைவுபெற்று, வரவு முதல் மங்களம் வரை ஒருவர் முகத்தையே பற்றிநின்று பதிவு செய்யும் பொறுமை நம் மாணவர்க்கு வரவேண்டும். கருவி எல்லார் கையிலும் உள்ளது. பழைய மாணவர் சங்கத்தார் ஓரிரவுக் களரிக்கும், அதனைப் பின்னர் மண்டபத்திற் பெருந்திரையிற் காட்டுதற்கும் ஆவன செய்வாராயின், மெய்ப்பாட்டியலை அத்திரையின் முன்னிருந்தே கற்பிக்க யாம் ஆயத்தமாயுள்ளோம்.