இன்குபேட்டர் நாட்கள் யார் கணக்கில்?

என் தங்கை மகள் 28 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 950 கிராம். 71 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். தங்கை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சி, பேர் ஒட்டிக் கொடுத்தனுப்புவாள். குழாய் வழியே 2 மில்லி தங்கினால்தான் அன்றைக்கு வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு இறங்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாப்பிள்ளை பிள்ளையை மார்போடு அணைத்த முதல் நாள், தடுமாறிக்கொண்டிருந்த மூச்சு சற்று சீரானது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு பராமரிப்பு அது. அதற்கு அப்பா தினமும் வர வேண்டுமே, விடுப்பு எங்கே? தங்கையின் 26 வார மகப்பேறு விடுப்பிலும் இந்த 71 நாள் போய்விட்டது. விடுப்பு முடிந்தபோது, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து பார்த்தால், பிள்ளைக்கு மூன்று மாதம்தான். குறைப்பிரசவத்தால் தாய் நோயுற்றால் நம் சட்டம் கூடுதலாக ஒரு மாதம் தருகிறது. இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளையை அது பார்ப்பதேயில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் இதற்கென்றே 12 வாரம் வரை தனி விடுப்பு, தகப்பனுக்கும் சேர்த்து. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களை மகப்பேறு விடுப்பில் கழிக்கக் கூடாது என்று இங்கும் சட்டம் திருத்தப்பட வேண்டும்.