புது அடுக்களை, பழைய பத்திரம்

போன மாதம் நாகர்கோவில் ராமவர்மபுரத்தில் ஒரு வீடு பார்க்கப் போனேன். பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாம் மாடியில் மூன்று படுக்கையறை வீட்டை உள்ளே முழுக்கப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருந்தார்கள். தரகர் கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலியா?"

சார் என்று யாரும் இல்லை, வாங்கப் போவது நான்தான் என்றேன். "அப்பம் பையனையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். வங்கியில் வேலை பார்க்கும் என் மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

வீட்டைச் சுற்றிக் காட்டியது வீட்டுக்கார அம்மா. கூடத்தையும் படுக்கையறைகளையும் வேகமாகக் கடந்தவர் அடுக்களையில் வந்து நின்றுவிட்டார். கறுப்பு கிரானைட் மேடை, இழுப்பறைகள், புகைபோக்கி. மேடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்க ஆறு வளையலும் இதுக்குள்ளதான் கெடக்கு மக்ளே. எனக்கு விக்க இஷ்டமே இல்ல. அவிய தீர்மானிச்சிட்டாவ."

பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது. விற்பதற்கு அந்த அம்மாவின் கையெழுத்து வேண்டாம். கணவன் தன் பெயரில் வாங்கிய சொத்தை விற்க மனைவியின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்கு அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. வசிப்பது வேறு, உடைமை வேறு. ஆறு வளையலும் அடுக்களையாகிவிட்டன. அடுக்களை இனி என்னைப் போன்ற ஒருத்திக்கு விலையாகப் போகிறது.

தோழிகளே, இது அந்த ஒரு அம்மாவின் ஏமாளித்தனம் இல்லை. எங்கள் மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பெற்றது. இங்கே பெண்ணைப் படிக்க வைக்கிறார்கள், வேலைக்கு அனுப்புகிறார்கள், பிறகு பவுன் பேசிக் கட்டிக்கொடுக்கிறார்கள். அந்தப் பவுன் மாப்பிள்ளை வீட்டு மாடியாகவும், மைத்துனன் விசாவாகவும், நாத்தனார் கல்யாணமாகவும் உருமாறுகிறது. சீதனம் பெண்ணின் தனிச்சொத்து என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் உருகிச் சுவராகிவிட்ட நகையை எந்த ரசீதைக் காட்டி மீட்பது?

நாஞ்சில் நாட்டில் பெண்களுக்கு ஒரு காலத்தில் சொத்து இருந்ததே என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. வேளாளரிடையே இருந்த மருமக்கள்வழியில் சொத்து பெண்வழியாக இறங்கியது, சரிதான். ஆனால் சாவிக்கொத்து காரணவன் இடுப்பில் இருந்தது. கணவன் இறந்தால் மனைவியும் பிள்ளைகளும் அவன் தறவாட்டில் 'உகந்துடைமை' என்ற சிறு பங்குக்குக் கை நீட்ட வேண்டியிருந்தது. கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதியபோது அதை ஒரு பெண்ணின் புலம்பலாகவே எழுதினார். 1926இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மக்கள்வழிக்குத் திருப்பியது. காரணவன் போனான், கணவன் வந்தான். சாவி இடுப்பு மாறியது, அவ்வளவே.

கிறிஸ்தவ வீடுகளின் கதையும் வேறில்லை. 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு ஒதுக்கியது மகன் பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதைத் தகர்த்தார். இந்துப் பெண்களுக்குத் தமிழ்நாடு 1989இல் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது.

சட்டம் கொடுத்ததைக் குடும்பம் எப்படித் திரும்ப வாங்குகிறது? அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். நானும் எழுதிக் கொடுத்தவள்தான். 1996இல் என் கல்யாணம் முடிந்த மறுமாதம் அப்பா அழைத்தார். "உனக்கு 50 பவுன் போட்டாச்சு மக்ளே, தம்பிக்கு ஒரு கையெழுத்து." சார்பதிவாளர் அலுவலகத்தில் அரைமணி நேரம், வாசலில் ஒரு சர்பத், முடிந்தது. அந்த 50 பவுனை நான் முழுதாக ஒரு வருடம்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. "போட்டதுதான் உன் பங்கு" என்பவர்களிடம் கேட்கிறேன்: தம்பியின் பங்கு தம்பி பெயரில் இருக்கிறது. என் பங்கு யார் பெயரில் இருந்தது?

பெண் பெயரில் பதிவதை ஊக்குவிக்க அரசு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ராமவர்மபுரத்தில் அந்தத் தொகைக்கு வீடல்ல, நான் பார்த்த வீட்டின் கூடம்கூடக் கிடைக்காது. டெல்லியில் பெண்ணுக்கு முத்திரைத் தீர்வை ஆணைவிடக் குறைவு. இங்கே வரம்பை உயர்த்தினால் என்ன?

"பெயரில் என்ன இருக்கிறது, புருஷன் பொண்டாட்டிக்குள் சந்தேகமா?" என்பார்கள். பெயரில் ஒன்றும் இல்லையென்றால் அவள் பெயரைச் சேர்த்து எழுதுவதில் அவருக்கு என்ன கஷ்டம்? வாசல் கல்லில் 'சரஸ்வதி இல்லம்' என்று செதுக்க யாரும் தயங்குவதில்லை. பத்திரத்தில் சரஸ்வதியைத் தேடினால்தான் காணவில்லை.

ஆகவே, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மாணவிகளே, அப்பா நீட்டும் எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பாதிக்கும் பெண்களே, வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து போகட்டும், வாங்கியவர் பெயர்களில் உங்கள் பெயரும் ஏறட்டும். நகை விற்றால் ரசீது உங்களிடம் இருக்கட்டும். கடனில் உங்களைக் கூட்டாளியாகச் சேர்க்கிறவர்கள் பத்திரத்திலும் சேர்க்கிறார்களா என்று பாருங்கள்.

அந்த வீட்டை நான் வாங்கவில்லை. அந்த மேடையில் என்னால் காய் நறுக்க முடியாது. வேறு வீடு பார்க்கிறோம். பத்திரம் என் பெயரிலும் மகள் பெயரிலும்தான். தரகர் இப்போதும் கேட்கிறார், "சாரிடம் ஒரு வார்த்தை பேசிடலாமா?"

இன்று இரவு உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து அந்தப் பத்திரத்தை வெளியே எடுங்கள். யார் பெயர் இருக்கிறது என்று சத்தமாகப் படியுங்கள்.