நிகழ்ச்சி விவரம் நேயரின் உரிமை

மலேசியாவில் இலவசத் தொலைக்காட்சி அலைவரிசைகள் தங்கள் ஒளிபரப்புடன் அனுப்பும் நிகழ்ச்சி விவரத்தை, அவற்றை மறுஒளிபரப்புச் செய்யும் கட்டண நிறுவனங்கள் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் நீக்கலாம் என்று உரிமம் வழங்கும் அதிகாரிகள் விட்டுவைத்திருக்கும் முடிவு தவறானது. அதனால் அதிகம் இழப்பவர்கள் பினாங்கு உள்ளிட்ட மாநிலங்களின் தமிழ் நேயர்களே.

2019 ஜூலை 21-ஆம் தேதி லங்காவியில் தொடங்கி அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் முடிந்த இலக்கவியல் ஒளிபரப்பு மாற்றத்தின்போது, தெளிவான படத்தோடு நிகழ்ச்சிக் கையேடும் அதன் சிறப்புகளில் ஒன்றாக எடுத்துரைக்கப்பட்டது. அக்கையேட்டுக்கு அடிப்படை, நிகழ்வுத் தகவல் அட்டவணை எனப்படும் தரவுத் தொகுப்பு. இப்போது ஓடுவது எது, அடுத்து வருவது எது, அது எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை ஒளிபரப்பாளரே அலையில் கலந்து அனுப்ப, வீட்டிலுள்ள டிகோடர் உலகப் பொது நேரத்துடன் எட்டு மணி நேரத்தைக் கூட்டித் திரையில் காட்டுகிறது.

அதே அலைவரிசை கட்டணச் சேவை வழியாக வரும்போது நிலைமை வேறு. அந்நிறுவனத்தின் ஒளிபரப்புக் கூடத்தில் படமும் ஒலியும் பிரித்தெடுக்கப்பட்டு வேறொரு தொகுப்பில் சேர்க்கப்படுகையில், மூல அட்டவணையைக் கழித்துவிட்டு, முன்கூட்டியே தயாரித்த சொந்தப் பட்டியலை அதன் இடத்தில் வைக்க வழியிருக்கிறது. அவ்வாறு வைக்கப்பட்டால், நேரலை நீண்டு டிவி2-இன் தமிழ்ச் செய்தி தள்ளிப்போனாலும், தீபாவளித் திரைப்படம் கடைசி நேரத்தில் மாறினாலும், ஒளிபரப்பாளர் செய்யும் திருத்தம் பெட்டியை எட்டாது. பழைய பட்டியலை நம்பிப் பதிவு செய்யப் பணித்த முதியவருக்கு மிஞ்சுவது வேறொரு நிகழ்ச்சியின் பாதிதான்.

டிவி2 பல மொழிகளுக்கும் பொதுவான அலைவரிசை. அதில் தமிழுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கக் கையேட்டை விட்டால் நேயருக்கு வேறு துணையில்லை. மலேசியா பின்பற்றும் டிவிபி தரம் ஒவ்வொரு தலைப்புடனும் மூன்றெழுத்து மொழிக்குறியீட்டை இணைக்கிறது; தமிழுக்கும் அதில் தனிக் குறியீடு உண்டு, ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளையே அனுப்பவும் இடமுண்டு. தொழில்நுட்பம் தந்திருக்கும் இந்த வசதி நடுவழியில் கைவிடப்படுவதை ஒரு வணிக உரிமையாக ஏற்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

இதே கேள்வி அமெரிக்காவில் முன்பே எழுந்தது. சிகாகோவின் டபிள்யுஜிஎன் தொலைக்காட்சி நிலையம் தன் செய்தியோடு இணைத்து அனுப்பிய எழுத்துத் தகவலை அகற்ற, அதை மறுஒளிபரப்பிய இடைநிறுவனத்துக்கு உரிமையில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982-இலேயே தீர்ப்பளித்தது. 2001-இல் அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமோ, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியோடு நேரடித் தொடர்பில்லாத கையேட்டுத் தரவைக் கேபிள் நிறுவனங்கள் கொண்டுசெல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று கூறிப் பின்வாங்கியது. அங்கே நேயர் தோற்றதைப் பார்த்த பின்னும் இங்கே அதே வாசலைத் திறந்து வைத்திருப்பதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

முடிவெடுக்கும் அதிகாரம் படைத்தவர்களின் கடந்தகாலமும் நம்பிக்கை தருவதாக இல்லை. 1995-இல் தொடங்கிய மெகா டிவி என்ற கட்டணச் சேவை 2001-இல் மூடப்பட்டது. 2005-இல் வந்த மைடிவி (MiTV) கட்டணச் சேவையும், 2013-இல் வந்த ஏபிஎன்எக்ஸஸ் கேபிள் சேவையும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் போட்டி வளரும், நேயருக்கு நன்மை விளையும் என்று உரிமம் வழங்கியவர்கள், சந்தா கட்டியவர்களின் கையில் உதவாத பெட்டிகள் மிஞ்சியபோது வாய் திறக்கவில்லை. முதலில் 2015 என்று குறித்த இலக்கவியல் மாற்றத்தையே நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தவர்கள், அது நிறைவேறிய பின் அதன் பயன் மக்களைச் சென்றடைகிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் கைகழுவியிருக்கிறார்கள்.

நேயரின் நலனைக் காக்கும் தெளிவான விதி வர வேண்டும். அதை வகுக்கும்போது தமிழ் நேயர்களின் குரலும் கேட்கப்பட வேண்டும். பொது அலையில் பொதுமக்களுக்காக அனுப்பப்படும் தகவலை இடையில் நிறுத்த எவருக்கும் உரிமையில்லை. அந்த உரிமையைக் கொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெறக் கடமைப்பட்டவர்கள்.