திறந்து கிடக்கும் டேப்களும் திணறும் நினைவகமும்

கணினி மெதுவாக ஓடுகிறது என்று புலம்புபவர்களின் உலாவியைப் பார்த்தால், மேலே டேப்கள் எறும்பு வரிசை போல நிற்கும். தலைப்பு ஒன்றுகூடப் படிக்க முடியாது. சின்னச் சின்னப் படங்கள் மட்டும்தான் தெரியும். "இவ்வளவும் எதற்கு, மூடிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டால் "ஐயோ, வேண்டாம்!" என்று பதில் உடனே வரும். எந்த டேப் எதற்கு வேண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

(டேப் என்பதைப் பயர்பாக்ஸின் தமிழ்ப் பதிப்பு கீற்று என்கிறது, குரோம் தாவல் என்கிறது. பேச்சில் டேப் என்றே நிலைத்துவிட்டது. இங்கும் அப்படியே இருக்கட்டும்.)

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் சிக்கல் சோம்பேறித்தனத்தில் இல்லை. இரண்டு தனித்தனி வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் இருக்கிறது. ஒன்று, நினைவகச் சுமையைக் குறைப்பது. மற்றொன்று, திறந்து வைத்த பக்கங்கள் தொலைந்து போகாமல் காப்பது. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடியவர்கள் இரண்டையும் இழந்திருக்கிறார்கள். அந்தக் கதைக்குப் போகுமுன் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு டேப் ஏன் இவ்வளவு தின்கிறது?

டேப் ஒன்றும் புதிய சங்கதி இல்லை. 1994-இல் வந்த இண்டர்நெட்வொர்க்ஸ் என்ற உலாவியிலேயே அது உண்டு. ஆனாலும் இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு டேப் வர 2006 ஆகிவிட்டது. அந்தக் காலத்துப் பக்கங்கள் எழுத்தும் நாலு படமுமாக இருந்தன. பத்து டேப் திறந்தாலும் கணினி அசராது.

இன்றைய வலைப்பக்கம் அப்படி இல்லை. மின்னஞ்சல், வரைபடம், ஆவணம் என எல்லாமே உலாவிக்குள் ஓடும் முழு மென்பொருள்கள். திரைக்குப் பின்னாலும் அவற்றின் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். படங்களின் கணக்கும் வேறு. 4000 x 3000 அளவுள்ள புகைப்படம் கோப்பாக இருக்கும்போது 3 எம்பிதான் இருக்கலாம். அதைத் திரைக்காக முழு அளவில் விரித்தால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், ஆக மொத்தம் 48 எம்பி. ஒரே ஒரு படத்துக்கு!

இதோடு பாதுகாப்பின் விலையும் சேர்கிறது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது டேப்களைத் தனித்தனிப் புரோசஸ்களாகப் பிரித்து ஓட்டியது. ஒரு பக்கம் கவிழ்ந்தால் மற்றவை கவிழாது என்பது அதன் பெரிய லாபம். 2018-இல் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளிவந்த பிறகு, ஒரு தளத்தின் தகவலை இன்னொரு தளம் எட்டிப் பார்க்காதபடி இந்தப் பிரிவினையைக் குரோம் இன்னும் கறாராக்கியது. அதற்கு விலையாக நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. ஆக, உலாவி அதிகம் தின்பதற்குக் காரணம் முழுக்க அதன் பேராசை அல்ல. ஒரு பகுதி, பயன்படுத்துபவரின் பாதுகாப்புக்குக் கட்டும் வரி.

இரண்டு உபதேசங்கள்

இந்தப் பிரச்சினைக்கு இணையத்தில் இரண்டு வகை உபதேசம் கிடைக்கும்.

முதல் வகை: "வேண்டாததை மூடு." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது வேண்டாதது என்று முடிவெடுப்பதுதானே கஷ்டம்? இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவருக்கு, பாதி படித்த கட்டுரை, பிழைச் செய்திக்கு விடை இருக்கும் பக்கம், கட்டணம் கட்டக் கடைசி நாள் போட்டிருக்கும் அறிவிப்பு எல்லாமே ஒரு நினைவூட்டல். டேப்பை மூடினால் பக்கம் அழிந்துவிடப் போவதில்லை. ஆனால் அது இருந்தது என்பதே மறந்துவிடும். 2021-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண்ணிலிருந்து மறைந்தால் கருந்துளைக்குள் விழுந்த மாதிரிதான் என்ற பயத்தாலேயே பலரும் டேப்களை மூடுவதில்லை என்று அதில் தெரியவந்தது. ஆய்வின் ஒரு பகுதியில் கலந்துகொண்டவர்களில் சுமார் கால்வாசிப் பேர், அளவுக்கு மீறிய டேப்களால் தங்கள் உலாவியோ கணினியோ நின்றுபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவதி தெரிந்தும் மூட மனம் வரவில்லை என்றால் அந்தப் பயம் சாதாரணமானதல்ல.

இரண்டாவது வகை: "ராம் வாங்கிப் போடு." இது பணம் இருப்பவர் சொல்லும் யோசனை. இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பணம் இருந்தாலும் மாற்ற முடியாது. 4 ஜிபி மடிக்கணினியை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு படிக்கும் தம்பிக்கு இந்த யோசனையால் என்ன பயன்?

வேலியே பயிரை மேய்ந்த கதை

உபதேசம் பலிக்காதபோது மூன்றாவது வழியாக வந்தவைதான் நீட்சிகள். அவற்றில் மிகப் புகழ்பெற்றது குரோமுக்கான தி கிரேட் சஸ்பெண்டர். கொஞ்ச நேரம் தொடாமல் விட்ட டேப்பை அது தூங்க வைக்கும். சொடுக்கினால் மறுபடி எழுப்பும். இலவசம், திறந்த மூலம். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நம்பிப் பயன்படுத்தினார்கள்.

2020 ஜூனில் அதை உருவாக்கியவர் பெயர் தெரியாத வேறொருவருக்கு விற்றுவிட்டார். பயனர்களைக் கேட்டு நடந்த விற்பனை அல்ல அது. அந்த ஆண்டின் இறுதியிலேயே புதிய பதிப்பில் சந்தேகத்துக்குரிய நிரல் இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று சொல்லிக் கடையிலிருந்து நீக்கியது. அதோடு நிற்கவில்லை, பயனர்களின் கணினிகளிலும் அதை முடக்கியது.

நீக்கியது சரிதான். ஆனால் அடுத்து நடந்ததுதான் பாடம். அந்த நீட்சி டேப்பைத் தூங்க வைத்த விதம் விசித்திரமானது. அசல் பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் சொந்தப் பக்கம் ஒன்றை வைத்துவிடும். நீட்சி முடங்கியதும் அந்தப் பக்கங்களும் அதனோடு போயின. மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த டேப்கள் ஒரே நாளில் காணாமல் போனதாகப் பலர் அலறினார்கள். விவரம் தெரிந்தவர்கள் வரலாற்றுப் பட்டியலைத் தோண்டி, நீட்சியின் நீளமான முகவரிக்கு வாலாக ஒட்டியிருந்த அசல் முகவரியைப் பிய்த்தெடுத்து மீட்டார்கள். விவரம் தெரியாதவர்கள்?

நினைவகத்தைக் குறைக்க வைத்த ஆளிடமே சாவிக்கொத்தையும் கொடுத்ததால் வந்த வினை இது. டேப்களைத் தூங்க வைக்கும் வேலை மட்டும் அதனிடம் இருந்து, முகவரிப் பட்டியல் வேறோர் இடத்தில் இருந்திருந்தால் இழப்பு ஐந்து நிமிட எரிச்சலோடு முடிந்திருக்கும்.

பயர்பாக்ஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்தபோது பழைய வகை நீட்சிகள் மொத்தமாக வேலை செய்வதை நிறுத்தின. டேப்களைச் சேமிக்க செஷன் மேனேஜர் என்ற நீட்சியை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. தொழில்நுட்பம் மாறியது, அவ்வளவுதான். நல்லவர் கையில் இருந்தாலும் அடுத்தவர் கையில் இருப்பது அடுத்தவர் கையில் இருப்பதுதான்.

தூங்க வைக்கும் வேலையை உலாவியிடமே விடலாம்

நல்ல செய்தி என்னவென்றால், நினைவகத்துக்காக நீட்சி தேட வேண்டிய அவசியம் இன்று பெரும்பாலும் இல்லை. குரோமில் 2022 டிசம்பர் முதல் நினைவகச் சேமிப்பு வசதி உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் செயல்திறன் பகுதியில் பார்க்கலாம். பாட்டு ஓடும் டேப், பாதி நிரப்பிய படிவம், பின் செய்து வைத்த டேப் போன்றவற்றை அது தொடாது. எட்ஜில் 2021 முதல் தூங்கும் டேப் வசதி உண்டு. பயர்பாக்ஸ், மீட்டெடுத்த டேப்களைச் சொடுக்கும் வரை ஏற்றுவதே இல்லை. இந்தப் பழக்கம் அதற்கு 2012-இலேயே வந்துவிட்டது. 2025 ஜூனில் வந்த 140-ஆம் பதிப்பிலிருந்து, டேப்பின் மேல் வலது சொடுக்கு கொடுத்து நீங்களே அதை இறக்கிவைக்கவும் முடியும்.

எந்த டேப் தின்கிறது என்று தெரியவில்லையா? குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உலாவியின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். பெரும்பாலும் நாற்பது டேப்பும் குற்றவாளி அல்ல. மூன்று நான்குதான்.

காப்பு என்பது வேறு

தூங்கும் டேப் பத்திரமான டேப் அல்ல. "விட்ட இடத்திலிருந்து தொடங்கு" என்ற அமைப்பை நம்புபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்போது பெரிய சாளரத்தை முதலில் மூடிவிட்டு, ஒரே டேப் உள்ள சின்னச் சாளரத்தைக் கடைசியில் மூடினால், மறுநாள் அந்தச் சின்னச் சாளரம்தான் திரும்பி வரும். மறைநிலைச் சாளரத்தில் திறந்தவை எப்போதும் திரும்பாது.

ஒத்திசைவும் காப்பு அல்ல. ஓரிடத்தில் அழித்த புத்தகக்குறி எல்லாக் கருவிகளிலும் அழிந்துவிடும். தவறையும் சேர்த்தே அது ஒத்திசைக்கும்!

உண்மையான காப்புக்கு ஆகும் இடமோ மிகக் குறைவு. ஒரு பக்கத்தின் தலைப்பும் முகவரியும் சேர்ந்து 200 பைட் என்று வையுங்கள். 500 டேப்களுக்கு 1 லட்சம் பைட், அதாவது சுமார் 100 கேபி. கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தை விடச் சிறியது. ஜிபி கணக்கில் நினைவகம் தின்று கணினியைத் திணறடிக்கும் கூட்டத்தில், காப்பாற்ற வேண்டிய சாரம் இவ்வளவுதான். பென்டிரைவில் போடலாம், தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளலாம்.

வழியும் எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் திறந்திருக்கும் எல்லா டேப்களும் ஒரே கோப்புறையில் புத்தகக்குறிகளாகும். கோப்புறைக்கு அன்றைய தேதியைப் பெயராக வைத்தால் போதும். வாரம் ஒரு முறை புத்தகக்குறிகள் அனைத்தையும் எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து உலாவிக்கு வெளியே வைக்க வேண்டும். நெட்ஸ்கேப் காலத்திலிருந்து வரும் இந்தக் கோப்பு வடிவத்தை இன்றும் எல்லா முக்கிய உலாவிகளும் படிக்கும். எந்த நீட்சி செத்தாலும் இது சாகாது.

இங்கே உலாவி நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று பெருமையாகக் காட்டுகிறீர்கள். "இப்போது திறந்திருக்கும் டேப்களை ஒரு கோப்பாகக் கொடு" என்று நேரடியாக ஒரு பொத்தான் வைப்பதில் என்ன கஷ்டம்? பயர்பாக்ஸ் தன் டேப் பட்டியலைச் சாதாரண மென்பொருளால் திறக்க முடியாத சுருக்க வடிவில் வைத்திருக்கிறது. குரோமின் கோப்பும் மனிதக் கண்ணுக்குப் புரியாது. பட்டியல் பயனருடையது. அதைப் படிக்கும் உரிமையும் அவருடையதாக இருப்பதுதானே நியாயம்?

முகவரி இருந்தால் பக்கம் இருக்குமா?

கடைசியாக ஒன்று. முகவரியைக் காப்பாற்றிவிட்டால் பக்கத்தைக் காப்பாற்றியதாக ஆகாது. ஆரம்பகாலத் தமிழ் வலைப்பக்கங்கள் பல இருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ் மடற்குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. பிறகு படிக்கலாம் என்று சேர்த்து வைக்கவே உருவான பாக்கெட் சேவை 2025 ஜூலையில் நின்றுபோனது. அப்படிப்பட்ட இடங்களின் முகவரிகளை மட்டும் வைத்திருந்தவர் கையில் இருப்பது பூட்டு இல்லாத சாவி.

ஆகவே ஐநூறில் உண்மையாகவே தேவைப்படும் ஐந்தாறு பக்கங்களை முழுப் பக்கமாகவோ பிடிஎஃப் ஆகவோ சேமித்துவிட வேண்டும். பொதுப் பக்கம் என்றால் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பிரதி ஏற்றிவிடலாம். அடுத்தவருக்கும் உதவும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். பட்டியல் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் டேப்களை மூடக் கை தயங்காது. "மூடு, மூடு" என்ற உபதேசத்தால் முடியாததை 100 கேபி கோப்பு ஒன்று செய்துவிடும். அந்தக் கோப்பு இன்று உங்களிடம் இருக்கிறதா?