சந்தை நாளும் பால்மறப்பும்

மேட்டூருக்கு அருகிலுள்ள மேச்சேரியின் பெயரைத் தாங்கிய செம்மறி வர்க்கம் இறைச்சிக்கும் தோலுக்கும் கீர்த்தி பெற்றதென்பதும், அதன் விருத்திக்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறதென்பதும் இந்தப் பக்கத்தார் அறிந்தவையே. ஆனால் அந்த ஆட்டின் குட்டி எந்த நாளில் தாய்ப்பாலை மறக்க வேண்டுமென்பதைப் பெரும்பாலும் வீட்டுச் செலவின் நெருக்கடியும் வாரச்சந்தை வியாபாரியின் அவசரமுமே தீர்மானிக்கின்றன. இது மேய்ப்பருக்கு நஷ்டமான வழக்கம் என்பது என் அபிப்பிராயம்.

ஈன்ற மூன்றாவது, நான்காவது வாரத்தில் உச்சத்தை எட்டும் பால், பிறகு படிப்படியாகக் குறைந்து, மூன்றாம் மாதக் கடைசியில் பெயரளவுக்கே சுரக்கிறது. அதற்குள், சில வாரங்களாகவே தளிரையும் கடலைக்கொடியையும் கொறித்துப் பழகிய குட்டியோ பாலின்றி ஜீவிக்கும் சக்தியைப் பெற்றுவிடுகிறது. பிறக்கையில் சுமார் 2.5 கிலோ இருந்த மேச்சேரிக் குட்டி 9, 10 கிலோவை நெருங்கும் அந்த 90ஆம் நாளை ஒட்டிப் பிரிப்பதே உசிதம். முன்னதாகவே பிடித்து விற்றால் தாயின் மடியில் பால் கட்டி மடிநோய்க்கு இடமாகும். வெகுநாள் விட்டுவைத்தாலோ தாய் மெலிந்து, மறுபடி சினைப்படுவது தள்ளிப்போகும்.

பிரிக்கும்போது குட்டியைத் தூக்கிப் புது இடத்தில் அடைப்பதுதான் நம் வழக்கம். பழகிய பட்டியில் குட்டிகளை இருக்கவிட்டு, தாய்களை மட்டும் சத்தம் எட்டாத தூரத்துக்கு ஓட்டிச் செல்வதே மேல். பால் போன துக்கத்தோடு இடம் மாறிய பயமும் குட்டியைச் சேராது. இரண்டு ராத்திரி எழும் கதறலைக் கேட்டு மனமிளகி மீண்டும் சேர்த்துவிடும் பாட்டிமாரை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் அந்தத் தயையால் வற்றத் தொடங்கிய மடி மறுபடி சுரந்து, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாகிறது. பிரிப்பதற்குச் சில தினங்கள் முன்பே தாய்க்குத் தானியத்தையும் பிண்ணாக்கையும் நிறுத்திச் சோளத்தட்டோடு விட்டு, மடி வற்றிய பிறகு, கிடாயோடு சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக ஆகாரத்தை உயர்த்த வேண்டும். குட்டிக்கோ, பால் நின்றதென்று ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டுவது துள்ளுமாரியை அழைப்பதாகும். அதற்கான தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி தவறாமல் நடக்க வேண்டும்.

இவையெல்லாம் மேய்ப்பர் அறியாதவை அல்ல. மூன்று மாதம் பொறுத்திருக்கக் கையில் ரொக்கமில்லாததால், எடை மிகுந்த பெட்டைக்குட்டியே, அதாவது நாளைக்குத் தாயாக வேண்டியதே, முதலில் விலையாகிவிடுகிறது. பயிர்க்காரருக்கென்று ஏற்பட்ட கிசான் கடன் அட்டை 2019 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உரியதாயிற்று. ஆடுகளைத் தவிர வேறு சொத்தில்லாத மேய்ப்பர் வங்கிப் படியேறும்போது நிலப்பட்டாவைக் கேட்காமல் பட்டியை வந்து பார்த்துக் கடன் கொடுப்பதும், அதன் தவணையைக் குட்டிகளின் பால்மறப்புக்குப் பின் வரும்படி வைப்பதும் அதிகாரிகளால் ஆகக்கூடிய காரியங்களே.