கையெழுத்துப் போட நாலு பேர், கேள்வி கேட்க ஒருவருமில்லை

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலம். ஒரு நூல் மில்லின் இயக்குநர்கள் கூடி, கூடுதல் கடன் வாங்கத் தீர்மானம் போட்டதாக ஒரு தாள் என் மேஜைக்கு வந்தது. கூட்டம் நடந்தது ஆடித்தபசு அன்று காலை 11 மணி என்று இருந்தது. இயக்குநர்கள் நாலு பேர்: அப்பா, இரண்டு மகன்கள், மருமகன். அந்த நேரம் மருமகன் ரத வீதியில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் தந்தார். தாளில் அவர் கையெழுத்தும் இருந்தது. நானும் வாயைத் திறக்காமல் மேலே அனுப்பிவிட்டேன். சில வருஷத்தில் மில் மூடியது. அந்த நூலை நம்பியிருந்த நம் ஊர்த் தறிகாரர்கள் சிலர் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள்.

"குடும்பக் கம்பெனி கடனுக்குப் பயப்படும், சொந்தக் காசு அல்லவா" என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பணம் தேவைப்பட்டால் புதுப் பங்கு விற்கலாம், அல்லது கடன் வாங்கலாம். பங்கு விற்றால் குடும்பத்தின் பிடி தளரும். கடன் கொடுத்தவருக்கோ ஓட்டு கிடையாது. அதனால் பிடியை விட மனமில்லாத குடும்பம் கடன் பக்கம் சாயும். "போதும்" என்று சொல்ல வேண்டியது இயக்குநர் குழு.

நம் நெல்லைச் சீமையில் பிறந்த இந்தியா சிமெண்ட்ஸைப் பாருங்கள். 1946-ல் பதிவாகி, 1949-ல் தாழையூத்தில் உற்பத்தி தொடங்கிய கம்பெனி. 1998-ல் ராசி சிமெண்ட்டை வாங்கியது. கம்பெனி வளர்ந்தது, கடனும் வளர்ந்தது. 2024-ல் குடும்பத்தார், அவர்களைச் சேர்ந்தவர்கள் கையிலிருந்த 32.72 சதவீதப் பங்கு 3,954 கோடி ரூபாய்க்கு அல்ட்ராடெக்குக்குப் போனது. அந்த டிசம்பர் வரை சீனிவாசன், அவர் மனைவி, மகள் மூவரும் குழுவில் இருந்தார்கள். சிமெண்ட் விலை, எரிபொருள் விலை என்று காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் எந்த வீட்டில்தான் மகள் அப்பாவிடம் "கடன் போதும்" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியும்?

2013 கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தைக் கம்பெனிகளில் மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பல முதலாளிகள் மனைவியையோ மகளையோ உட்கார வைத்துக் கணக்கை முடித்தார்கள். சுயேச்சை இயக்குநரை நியமிக்கும் வாக்கெடுப்பிலும் குடும்பத்துக்கு ஓட்டு உண்டு. நாற்காலி போட்டவரை எதிர்த்து எத்தனை பேர் பேசுவார்கள்? சத்யம் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் இருந்தார். முதலாளி குடும்பத்தின் மேத்தாஸ் கம்பெனிகளை வாங்க, 2008 டிசம்பர் 16 அன்று அந்தக் குழுவே ஒப்புதல் தந்தது.

குடும்பங்கள் கம்பெனி நடத்தட்டும், கடனும் வாங்கட்டும். ஆனால் சுயேச்சை இயக்குநர் தேர்தலில் குடும்பத்தின் ஓட்டை எண்ணக் கூடாது. பெரிய கடன் என்றால் அவர்கள் தனியாகக் கூடி ஒப்ப வேண்டும். வங்கியும் கையெழுத்தை மட்டும் பார்க்காமல், கூட்டத்தில் யார் என்ன கேட்டார் என்ற குறிப்பையும் வாங்கிப் படிக்க வேண்டும்.

"அந்த நேரம் நீங்கள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தீர்களே?" என்று நான் அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.