பொய்க்கால் குதிரை

'பொழுதுபோக்கு' என்று ஒரு சொல் தமிழில் வழங்கி வருகிறது. பொழுது என்பது அழையாமல் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளி போலவும், அவரை எப்படியாவது தாஜா செய்து போக்கிவிட்டால் போதும் என்பது போலவும் அந்தச் சொல் அமைந்திருக்கிறது. நம்மைப் போன்ற கணிப்பொறி உத்தியோகஸ்தர்களுக்கு இது சற்றும் பொருந்தாது. காலையில் பழைய மகாபலிபுரம் சாலையின் வாகன நெரிசலில் புகுந்து, இரவு அமெரிக்கர்கள் விழித்தெழுந்த பிற்பாடு அவர்களுடன் பேசி முடித்துப் படுக்கப் போகிறவன், பொழுதைப் போக்குவதற்கு வழி தேடுவானேன்? அது தானே போய்விடுகிறது!

ஆங்கிலத்தில் 'ஹாபி' என்கிறார்களே, அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. குழந்தைகள் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓடும் மரக்குதிரைக்கு அந்நாட்டில் அந்தப் பெயர். கிராமத் திருவிழாக்களில் இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடும் குதிரைக்கும் அதே பெயர்தான். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரைக்கு அதை ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். இந்தக் குதிரையில் ஏறியவர் எந்த ஊருக்கும் போய்ச் சேருவதில்லை. சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நமக்குப் 'பொழுதுபோக்கை'விட இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

நாம் கட்டிக்கொண்டிருக்கும் குதிரை, பழைய புத்தகங்களைப் பைண்டு செய்வது. அந்தக் காலத்து வீடுகளில் பத்திரிகைத் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து வைப்பார்கள் அல்லவா? 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை அப்படிச் சேர்த்து வைக்காத குடும்பங்கள் குறைவு. பாட்டிமார் போன பிறகு அந்தக் கட்டுகள் பரணில் கிடக்கின்றன. பத்திரிகைக் காகிதம் மரக்கூழில் செய்தது. அதிலேயே உண்டாகும் அமிலம் நாளடைவில் அதைப் பழுப்பாக்கி, ஓரங்களை அப்பளம் போல் நொறுங்கச் செய்கிறது. முதலில் துருப்பிடித்த கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுக்க வேண்டும். கிழிசலுக்கு மெல்லிய காகிதம் ஒட்ட வேண்டும். பசைக்கு மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பழைய பைண்டர்களின் வழக்கம். (மயில்துத்தம் விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் உயரத்தில் வைப்பது உத்தமம்.) தனித்தனித் தாள்களானபடியால் மடிப்பின் வழியே தைக்க முடியாது, ஓரமாகத் துளையிட்டுத்தான் நூல் கோக்க வேண்டும். பிறகு முதுகுக்குத் துணி, இருபுறமும் கனத்த அட்டை. இரவு முழுவதும் பாரம் வைக்க வேண்டும். மிக்ஸி வந்த பிறகு வேலையற்றுக் கிடந்த அம்மிக்கு நம் வீட்டில் மீண்டும் உத்தியோகம் கிடைத்தது இப்படித்தான்.

இதில் என்ன இன்பம் என்று கேட்கலாம். நாம் செய்யும் ஆபீஸ் வேலையைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஆறு மாதம் பாடுபட்டு எழுதிய நிரலை அடுத்த ஆறு மாதத்தில் வேறொருவர் அழித்துவிட்டு வேறு எழுதுகிறார். தவறு நேர்ந்தால் ஒரு விசையைத் தட்டி முன்னிருந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். காகிதத்திடம் அந்தச் சலுகை இல்லை, வெட்டினால் வெட்டியதுதான். ஆகையால் கத்தியை வைக்குமுன் கை ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் மனசு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறதே, அது நமக்கு ஆபீஸில் வாரத்துக்கு ஒரு தடவை வாய்த்தால் பெரிது. மறுநாள் காலை அம்மியைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. முடிந்த வேலை என்பது எப்படியிருக்கும் என்பதை நம்மவர்கள் மறந்தே போய்விட்டார்கள்.

நம் நண்பர் ஒருவர், மிகுந்த நல்லெண்ணம் உடையவர், ஒரு நாள் வந்து இதையெல்லாம் பார்த்தார். "ஸார், இதை அப்படியே படம் பிடித்து யூட்யூபில் போடுங்கள். மாதம் ஒரு தொகை வரும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் நடத்தலாம்" என்றார். இந்தக் காலத்தில் யார் எதைச் செய்தாலும் இந்த யோசனை வந்துவிடுகிறது. மாமி முறுக்குச் சுற்றினால் ஒரு சேனல். பையன் ஓவியம் வரைந்தால் ஒரு சேனல். பணம் வருவதில் நமக்கு ஆட்சேபமில்லை. வீட்டுக் கடன் தவணை நமக்கும் உண்டு. ஆனால் அன்றிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாம் பார்க்க வேண்டி வரும். ஆபீஸில் ஐந்து நாளும் நம்மை அளக்கும் அந்த முழக்கோல் ஆறாவது நாளும் வீட்டுக்குள் வந்துவிடும். நண்பருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

பொய்க்கால் குதிரை உண்மைக் குதிரையாகிவிடுவதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கைடோ வான் ராஸம் என்னும் டச்சுக்காரர் 1989-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், ஆபீஸ் மூடிக் கிடந்த நாட்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு புதிய நிரல்மொழி செய்ய ஆரம்பித்தார். ஆங்கிலேயர்களின் ஹாஸ்யத் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்து அதற்குப் 'பைத்தான்' என்று பெயர் வைத்தார். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தாம் செய்யும் புதிய இயங்குதளம் வெறும் ஹாபிதான், பெரிதாக ஒன்றும் வராது என்று அறிவித்தார். வயது 21. அதுதான் லினக்ஸ். 2017 நவம்பரிலிருந்து, உலகத்தின் அதிவேகக் கணிப்பொறிகள் என்று பட்டியலிடப்படும் 500-ம் அதிலேயே இயங்கி வந்திருக்கின்றன. வாசகர்களில் பலருடைய சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு ஆதாரமும் அதுவே.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, "பார்த்தீர்களா, ஹாபியினால் உலகப் புகழ்!" என்று முடிப்பவர்கள் அதிகம். நமக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. லினக்ஸ் டோர்வால்ட்ஸுக்கு முழுநேர உத்தியோகமாகிவிட்டது. அப்புறம் அவர் என்ன செய்தார்? கடலில் மூழ்கி நீந்தப் பழகினார். எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்று குறித்துக்கொள்வதற்காக 2011-ல் 'சப்ஸர்ஃபேஸ்' என்று ஒரு சிறு மென்பொருளும் செய்தார். ஒரு குதிரைக்கு உயிர் வந்து அது வண்டியில் பூட்டப்பட்டதும் அந்த மனிதர் இன்னொரு மரக்குதிரை தேடிப் போய்விட்டார், பாருங்கள்!

தமிழுக்கும் இப்படி ஒரு லாபம் உண்டு. சுவிட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்தில் ரசாயன ஆராய்ச்சியில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து எவரும் இலவசமாகப் படிக்கும்படி கணிப்பொறியில் ஏற்றுவது அதன் வேலை. பல தேசங்களில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்கள் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து தட்டினார்கள், பிழை திருத்தினார்கள். இப்போது சங்க நூல் ஒன்றில் சந்தேகம் வந்தால் நாம் அலமாரிக்குப் போவதில்லை.

'இயந்திரமே நிரல் எழுதுகிறது, படம் வரைகிறது. இனி மனிதன் கையால் செய்வானேன்?' என்ற கேள்வி 2022-க்குப் பிறகு எங்கும் கேட்கிறது. ஆபீஸைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி நம் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்கிறது. ஹாபி விஷயத்தில் இதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. 1997-ல் 'டீப் ப்ளூ' என்னும் கணிப்பொறி சதுரங்கத்தில் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அதோடு சதுரங்கம் ஒழிந்ததா? சென்னைத் தெருக்களில் குழந்தைகள் இன்னும் வகுப்புக்கு ஓடுகிறார்கள். அப்படி ஓடிய குகேஷ் 2024 டிசம்பரில் தம் 18-வது வயதில் உலக சாம்பியனானார்.

உத்தியோகத்தைப் பற்றிய பயத்தைச் சொன்னோம். அது வெறும் பயமல்ல. 2022 நவம்பரில் மெடா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரையும் குறைக்கப் போவதாக அறிவித்தன. நம் அடுக்குமாடியில் வசிப்பவர் ஒருவருக்கு வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடிதம் வந்தது. வயது நாற்பத்தைந்து. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு, தம்மை யாரென்று பிறரிடம் சொல்லிக்கொள்வது என்றே தெரியவில்லை என்று மாடிப்படியில் நின்று நம்மிடம் சொன்னார். மனிதர் வெளியே தலைகாட்டவில்லை. ஆனால் மொட்டைமாடியில் அவர் வளர்த்திருந்த கத்தரியும் அவரையும் தண்ணீர் கேட்டனவே! தினம் இரு வேளை ஏறத்தான் வேண்டியிருந்தது. நாட்டு விதை கேட்டு வருகிறவர்களில் எவருக்கும் அவர் எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பதே தெரியாது. 'அவரைக்காய் மாமா' என்றுதான் தெரியும். தோட்டம் அவருக்குச் சோறு போடவில்லை. ஏழு மாதம் கழித்துக் குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. அந்த ஏழு மாதமும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

இவ்வளவு தூரம் பேசியதில் ஒரு விஷயத்தை வாசகிகள் கவனித்திருப்பார்கள். நிரல்மொழி செய்தவர், கடலில் மூழ்கியவர், காகிதத்தைத் தைக்கிறவர் எல்லாரும் ஆண்பிள்ளைகள்! இவர்கள் குதிரையாடும் நேரத்தில் அடுப்படியில் யார் இருந்தார்கள்? 2019-ல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் செலவழிக்கிறார்கள். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். 'என் மனைவிக்கு ஹாபி எதிலும் சிரத்தையில்லை' என்று சொல்லும் கனவான்கள் இந்த மூன்று மணி நேரத்தை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுவது நியாயம்.

நம் இல்லத்தரசியும் ஓர் ஆபீஸில் கணிப்பொறி உத்தியோகம் பார்ப்பவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகள் சமீபத்தில் அவர் வசமாகிவிட்டன. விடியுமுன் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு, 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்விடுகிறார். பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து பறவைக் கணக்கு எடுக்கிறார்கள்; அதற்கும் போய்வந்தார். நாமக்கோழி எத்தனை, நீலத் தாழைக்கோழி எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். அந்த நோட்டுக்கு அட்டை போட்டுத் தருவதாக நாம் சொன்னோம். "எழுதி முடியட்டும், அவசரமில்லை. இட்லிக்கு அரைத்தாயிற்றா?" என்றார்.